பி0443 சொல்வதும் சொல்லாததும்

நவி மும்பையின் நெருளில் பருவமழை பிடித்துச் சில நாட்கள் கழிந்தபின் பணிமனைகளுக்கு வரும் கார்களில் ஒரு வகை உண்டு. அவற்றின் எஞ்சின் சீராக இயங்கும். இழுவையில் குறை தெரியாது. ஓட்டுநருக்கும் புகார் ஏதும் இராது. கருவிப்பலகையில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். பணிமனை இளைஞர் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் செருகியில் ஸ்கேனரை இணைப்பார். திரையில் ‘பி0443’ என்ற குறியீடும் அதன்கீழ் ஓர் ஆங்கில வரியும் தோன்றும். “அண்ணாச்சி, பர்ஜ் சொலினாய்டு போயிருக்கு, புதுசு போட்டுருவோமா?” என்று அவர் கேட்பார். “போடு தம்பி, சாயங்காலம் ஏர்போர்ட் சவாரி இருக்கு” என்பார் வண்டிக்காரர். புதிய பாகம் பொருத்தப்படும், குறியீடு அழிக்கப்படும், விளக்கு அணையும். நான்கைந்து நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரியும்.

இது ஏதோ ஒரு பணிமனைக்கு மட்டும் உரிய காட்சியன்று. தாராவியிலும் செம்பூரிலும், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், இதே உரையாடல் இதே வரிசையில் நடக்கக்கூடும். இதைத் தொழிலாளியின் நேர்மைக் குறைவு என்று கொள்வோர் உண்டு. கல்விக் குறைவு என்று கொள்வோரும் உண்டு. இரண்டும் பொருந்தா. இங்கு நிகழ்வது ஒரு வாசிப்புப் பிழை. அந்தப் பிழையைத் தவிர்ப்பதற்கான அறிவு பணிமனைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவ்வறிவுக்குக் கூலி இல்லை. அது எழுத்தில் பதிவாவதும் இல்லை. இக்கட்டுரையின் வாதம் இவ்வளவே.

திரையில் தோன்றிய வரியைத் தமிழில் பெயர்த்தால் ‘ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பின் பர்ஜ் வால்வு மின்சுற்று’ என்றாகும். அத்தொடரின் தலைச்சொல் ‘சுற்று’. முன்னால் நிற்பவை அனைத்தும் அது எந்தச் சுற்று என்பதை வரையறுக்கும் அடைகள். ஆயினும் கேட்பவர் மனத்தில் பதிவது அடைமொழி, தலைச்சொல் நழுவிவிடுகிறது. கையால் தொடக்கூடியது, கடையில் விலைக்குக் கிடைப்பது, பெட்டியில் அடைத்து வருவது சொலினாய்டு. சுற்றைப் பெட்டியில் வைத்து எவரும் விற்பதில்லை. சினையின் பெயர் முதலுக்கு ஆகிவருவதை இலக்கணம் சினையாகுபெயர் என்னும். பணிமனைப் பேச்சில் முழுச் சுற்றுக்கும் ‘சொலினாய்டு’ என்ற பெயர் வழங்குவதும் அவ்வகையே. பேச்சளவில் இதனால் தீங்கில்லை. ஆகுபெயரை இயற்பெயராகக் கொண்டு பாகத்தை வாங்கும்போதுதான் பணம் வீணாகிறது.

தொகைச்சொல்லில் பொருள் சிறந்து நிற்கும் இடங்களைத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் நான்காக வகுக்கிறது: முன்மொழி, பின்மொழி, இருமொழியும் ஒருங்கே, இரண்டுமல்லாத பிறிதொரு மொழி. ‘சொலினாய்டு சுற்று’ என்ற தொகையில் பழுது நிற்கும் இடமும் இவ்வாறே நான்காகலாம். சொலினாய்டே கெட்டிருக்கலாம். அதை இணைக்கும் கம்பியோ செருகியோ கெட்டிருக்கலாம். இரண்டும் கெட்டிருக்கலாம். இரண்டும் நன்றாக இருக்க, அதே ஃபியூஸில் இணைந்த வேறொரு கருவி குறுக்குச்சுற்றாகி ஃபியூஸை எரித்திருக்கலாம். ஒப்புமையை இதற்கு மேல் நீட்டத் தேவையில்லை. தொகையைக் கண்டவுடன் முன்மொழிக்கே பொருளைக் கொடுப்பது அவசர வாசிப்பு என்பதைக் காட்ட இதுவே போதும்.

சுற்றின் அமைப்பு எளியது. பெட்ரோல் தொட்டியில் எழும் ஆவி நேரே காற்றில் கலவாதபடி ஒரு கரித்துகள் பெட்டியில் பிடித்து வைக்கப்படுகிறது. எஞ்சின் சூடாகி ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிட வேண்டும். பெட்டிக்கும் எஞ்சினின் காற்றுக் குழாய்க்கும் இடையில் கதவாக நிற்பது பர்ஜ் வால்வு. அதைத் திறப்பது ஒரு வரிச்சுருள். அதைத்தான் பணிமனை சொலினாய்டு என்கிறது. வரிச்சுருளுக்கு இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றில், சாவியைத் திருப்பியதும், ஃபியூஸ் வழியாகவும் பல வண்டிகளில் ரிலே வழியாகவும் 12 வோல்ட் வந்து நிற்கும். மற்றொன்று எஞ்சின் கணினிக்குச் செல்லும். பெரும்பாலான வண்டிகளில் கணினி மின்சாரம் அளிப்பதில்லை. அதன் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் அந்தக் கம்பியை எர்த்துடன் இணைத்தும் விலக்கியும் வால்வை நொடிக்குப் பலமுறை திறந்து மூடுகிறது.

கணினிக்குத் தெரிவது தன் முனையிலுள்ள மின்னழுத்தம் மட்டுமே. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போது வரிச்சுருள் வழியாக வந்த 12 வோல்ட் அங்கே தெரிய வேண்டும். டிரான்சிஸ்டர் இணைந்தவுடன் அது ஏறத்தாழ சுழியத்துக்கு இறங்க வேண்டும். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லை, அல்லது இருக்க வேண்டிய நேரத்தில் இல்லை என்றால், கணினி குறியீட்டைப் பதிக்கிறது. ஃபியூஸ் எரிந்திருந்தாலும், கம்பி நடுவே அறுந்திருந்தாலும், செருகி கழன்றிருந்தாலும், வரிச்சுருளே உள்ளே அறுந்திருந்தாலும், கணினியின் முனையில் தெரியும் காட்சி ஒன்றே. தெருமுனையில் நிற்பவருக்கு வீட்டில் விளக்கு எரியவில்லை என்பது தெரியும். பல்பு போயிற்றா, மின்கட்டணம் கட்டவில்லையா என்பது தெரியாது. கணினியின் நிலையும் அதுவே. தான் அறிந்ததை மட்டுமே அது சொல்கிறது. அறியாததையும் அது சொன்னதாகக் கொள்வது வாசிப்பவரின் பிழை.

குறியீட்டுக் குடும்பத்தை உற்று நோக்கினால் இந்த நேர்மை இன்னும் தெளிவாகும். முதலில் வரும் ‘பி’ எஞ்சினையும் இழுவைத் தொடரையும் குறிக்கும். அடுத்த சுழியம், அனைத்துத் தயாரிப்பாளர்க்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அதற்கடுத்த 4 துணை மாசுக் கட்டுப்பாட்டைச் சுட்டும். கடைசி இரண்டு இலக்கங்களே குறிப்பான பழுதைத் தருகின்றன. பி0441 என்றால் ஆவியின் ஓட்டம் எதிர்பார்த்தபடி இல்லை. அது மின்சாரத்தைப் பற்றிய கூற்றன்று. குழாய் அடைப்பும் விரிசலும் கதவு சிக்கிக்கொள்வதும் அதற்குள் வரும். பி0443 சுற்றில் பழுது என்று பொதுவாகச் சொல்கிறது. பி0444 சுற்று அறுந்துள்ளது என்றும், பி0445 குறுக்குச்சுற்று என்றும் குறிப்பாகச் சொல்கின்றன. கலை, களை, கழை என்று ஓரெழுத்து மாறப் பொருள் மாறுவதைப் பள்ளி மாணவரும் அறிவர். இங்கு ஓர் இலக்கம் மாறினால் தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது. இந்த நான்கையும் ‘பர்ஜ் வால்வு கோடு’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது, எழுதியவர் கவனமாகப் பிரித்து வைத்ததை வாசிப்பவர் கலந்துவிடுவதாகும்.

இக்குறியீடுகள் பணிமனையின் வசதிக்காகப் பிறந்தவை அல்ல என்பதும் நினைவில் இருத்தற்குரியது. கலிபோர்னியா மாநிலம் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 1988ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து தன்னைத்தானே சோதிக்கும் கணினியைக் கட்டாயமாக்கியது. 1996 மாடல்களிலிருந்து அதன் இரண்டாம் வடிவம் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவாயிற்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் முதல் வடிவமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் வடிவமும் வந்தன. ‘மாசைக் கட்டுப்படுத்தும் இந்த உறுப்பு இப்போது என் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று சட்டத்துக்குத் தெரிவிப்பதே குறியீட்டின் முதற்கடமை. எதை மாற்ற வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்வது அதன் கடமைப் பட்டியலில் இல்லை. வண்டி நன்றாக ஓடும்போதே விளக்கு எரிவதன் காரணமும் இதுதான்.

மும்பையில் தொழில் கற்ற மூத்த தலைமுறைக்கு இந்த மாற்றம் திடுக்கிடும் வேகத்தில் வந்தது. பிரீமியர் பத்மினி டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவான வண்டி 2003 அக்டோபர் 29ஆம் நாளுக்குரியது. 20 ஆண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியில் அவ்வினமே சாலையிலிருந்து விடைபெற்றது. கார்புரேட்டரைக் காதால் கேட்டும் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கண்ணால் பார்த்தும் பழுதறிந்தவர்கள், ஒரே பணிக்காலத்துக்குள் திரையை வாசிக்க வேண்டியவர்களாயினர். அவர்களுக்கு ஸ்கேனர் கிடைத்தது. ஸ்கேனர் பேசும் மொழிக்கு இலக்கணம் கற்பிப்பார் இல்லை.

நெருளின் சூழல் சுற்றைத் தாக்கும் விதம் தனியே கவனிக்கத்தக்கது. ஒருபுறம் தாணே கழிமுகமும் அலையாத்திக் காடும். காற்றில் உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் வட்டாரம் இது. செருகியின் ரப்பர் வளையம் சற்றே தளர்ந்தாலும் உள்ளே ஈரம் புகும். செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறும். மழையில் வளை இழந்த எலியும் பெருச்சாளியும் எஞ்சின் அறையின் வெதுவெதுப்பை நாடி வந்து கம்பியின் மேலுறையைக் கடித்து வைக்கும். சிஎன்ஜி வண்டிகள் மிகுந்த இப்பகுதியில், பின்னாளில் பொருத்திய எரிவாயுக் கருவிக்காக ஏதோ ஒரு கம்பியைச் சுரண்டி இணைப்பு எடுத்து, டேப் சுற்றி விட்டிருப்பதும் உண்டு. அந்த டேப்பின் பசை வெயிலில் உருகி மழையில் கழன்றுவிடும். இவற்றுள் எதுவும் சொலினாய்டின் குற்றமன்று. இவை எல்லாவற்றுக்கும் திரை காட்டும் பெயர் மட்டும் அதுவாக இருக்கலாம்.

இந்த இடங்களுள் எது என்று அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றும் இரண்டு துண்டுக் கம்பியும் போதும். பல பர்ஜ் வால்வுகளின் வரிச்சுருள் மின்தடை 20 முதல் 30 ஓம் வரை இருக்கும். அதன் வழி ஓடுவது ஏறத்தாழ அரை ஆம்பியர். 5 வாட் பல்பு இழுப்பதும் அதற்கு நெருக்கமான அளவே என்பதால் கணினிக்குத் தீங்கு நேராது. 21 வாட் பல்பைப் போட்டால் டிரான்சிஸ்டர் தாங்காமற் போகலாம். அது தவிர்க்கப்பட வேண்டும். சொலினாய்டின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளுக்கு இடையே பல்பை இணைத்து, ஸ்கேனர் வழியாக வால்வைத் திறக்குமாறு கணினிக்குக் கட்டளையிட வேண்டும். பல்பு எரிந்தாலோ மின்னினாலோ, வரும் மின்சாரமும் கம்பிகளும் கணினியும் அப்போதைக்குச் சரி. கப்ளரில் முனைகள் இறுகப் பிடிக்கின்றனவா என்று பார்த்தபின் சொலினாய்டை மாற்றலாம். எரியாவிட்டால், மின்சாரம் வரும் முனையில் ஒரு காலை வைத்துக்கொண்டு மற்றொரு காலை பேட்டரியின் எதிர்முனைக்கு மாற்ற வேண்டும். இப்போது பல்பு எரிந்தால் வரவு சரி. கணினிக்குச் செல்லும் கம்பியிலோ கணினியிலோ பழுது. இப்போதும் எரியாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வரவுக் கம்பி ஆகியவற்றைத் தேட வேண்டும். இரண்டே நிலைகளில் சுற்று மூன்றாகப் பகுக்கப்பட்டுவிடுகிறது.

மொழியியல் மாணவருக்கு இம்முறை புதிதன்று. ஒரு தொடரில் ஓரிடத்துச் சொல்லை நீக்கி, அவ்விடத்தில் வேறொன்றை இட்டு, தொடர் நிற்கிறதா சிதைகிறதா என்று பார்த்தே அச்சொல்லின் இலக்கண வகையை அவர் துணிகிறார். சொலினாய்டின் இடத்தில் பல்பை இட்டுப் பார்ப்பவரும் அதையே செய்கிறார். ஆய்வேட்டில் முறையியல் என்று தனி இயல் பெறுவது, பணிமனையில் பெயரின்றி இருக்கிறது.

பல்புக்கு மாறாக மல்டிமீட்டரை மட்டும் நம்புவோர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம் அளவினது. அது சுற்றிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் இல்லாததற்குச் சமம். களிம்பேறிய முனையில் 1,000 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். மீட்டர் அங்கே ஏறத்தாழ முழு 12 வோல்ட்டையும் காட்டும். தொழிலாளி ‘கரண்ட் வருது’ என்று முடிவு செய்து சொலினாய்டை மாற்றிவிடுவார். ஆனால் 25 ஓம் வரிச்சுருளை அங்கே இணைத்தவுடன் மொத்த மின்தடை 1,025 ஓம் ஆகிவிடும், மின்னோட்டம் 0.012 ஆம்பியருக்குச் சுருங்கிவிடும். வரிச்சுருளுக்குக் கிடைப்பது 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. புதிய சொலினாய்டாலும் அதைக் கொண்டு கதவைத் திறக்க இயலாது. 5 வாட் பல்பு இதே இடத்தில் எரியாமல் நின்று உண்மையைச் சொல்லிவிடும். ஓம் விதியின் இந்த விளைவைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர் பலர். அதைக் கார் ஒன்றில் காண நேர்ந்தவர் சிலரே.

அனுபவமிக்க பணிமனைப் பேச்சு இதே உண்மையை நான்கு சொல்லில் சொல்கிறது: ‘கரண்ட் காட்டுது, லோடு தாங்கல.’ மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டத்தைத் தாங்கும் வழி இல்லை என்ற வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. தமிழ்வழிப் பாடநூல்கள் வரிச்சுருள், மின்தடை, மின்னழுத்த வேறுபாடு என்று செம்மையான கலைச்சொற்களைக் கற்பிக்கின்றன. பணிமனையில் சொலினாய்டு, கப்ளர், எர்த், லோடு என்ற சொற்கள் வழங்குகின்றன. கலைச்சொல்லைக் கற்றவர் கப்ளரைக் கண்டதில்லை. கப்ளரைக் கண்டவர் வரிச்சுருள் என்ற சொல்லைக் கேட்டதில்லை, அல்லது பள்ளியோடு மறந்துவிட்டார். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வெளிவந்து, இந்தி பேசும் பணிமனையில் தொழில் கற்று, ஆங்கிலத் திரையை வாசிக்கும் இளைஞரிடம் மூன்று மொழிகளின் துண்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கோத்துத் தருவார் எவரும் இல்லை. அவர் முன்மொழியைப் பிடித்துக்கொண்டு பின்மொழியை விட்டுவிடுவதில் வியப்பில்லை.

வாசிப்புப் பிழைகளுள் மிகுந்த இழப்பைத் தருவது, குறியீட்டை முதலிலேயே அழித்துவிடுவது. பழுது தோன்றிய நொடியில் எஞ்சினின் சுழற்சி வேகம், நீரின் வெப்பம், வண்டியின் வேகம் ஆகியவற்றைக் கணினி குறித்து வைக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது தோன்றிய பழுதா, சூடேறி நெடுநேரம் ஓடியபின் தோன்றியதா என்பதை அக்குறிப்பே சொல்லும். சூட்டில் மட்டும் அறுந்துபோகும் வரிச்சுருளைக் குளிர்ந்த நிலையில் அளந்தால் குறை தெரியாது. அழிப்பு விசையை அழுத்தினால் குறியீட்டோடு இக்குறிப்பும் போய்விடும். கூடவே பதிவான பிற குறியீடுகளும் போய்விடும். ஒரே ஃபியூஸைப் பகிரும் இரண்டு மூன்று உறுப்புகளின் குறியீடுகள் ஒன்றாக நின்றிருந்தால், அந்தச் சேர்க்கையே ஃபியூஸைச் சுட்டிக் காட்டியிருக்கும். ஓலைச்சுவடியைப் படியெடுக்கும் முன் கழுவிவிடுவதை எந்த ஆய்வு மாணவரும் பொறுக்கமாட்டார்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பர்ஜ் வால்வுகள் கெடுவது உண்மை. ஒரே வகை வண்டியில் ஒரே பாகம் பலமுறை போனதைக் கண்டவர், அடுத்த வண்டியிலும் அதையே முதலில் ஐயுறுவது அறிவுக்கு ஒத்ததே. அந்த ஐயத்தைச் சோதிக்க ஐந்து நிமிடம் செலவிடாமல் விடுவதுதான் குறை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் சில வேளைகளில் இரண்டு மணி நேரமாக நீளும். கம்பி எந்த வழியாகச் செல்கிறது, எந்த ஃபியூஸில் முடிகிறது, கணினியின் எந்த முனையில் சேர்கிறது என்பது சுற்றுப்படம் இல்லாமல் தெரியாது. அப்படம் எல்லார் கைக்கும் எட்டுவதில்லை.

இது தனிமனிதரின் முறையீடாக மட்டும் நின்றுவிடவில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், பழுதுபார்ப்பு நூல்களையும் வெளிச்சந்தைக்கும் சுதந்திரப் பணிமனைகளுக்கும் கிடைக்கவிடாமல் தடுத்தது போட்டியைக் கெடுக்கும் செயல் என்பது ஆணையத்தின் முடிவு. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு குழுவை அமைத்தது, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனமும் அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளுள் ஒன்று. குறியீட்டின் பொருள் பொதுச்சொத்து. சுற்றின் வரைபடம் தனிச்சொத்து. அகராதி கிடைத்தும் மூலநூல் கிடைக்காத வாசகரின் நிலையில் சிறு பணிமனைத் தொழிலாளி இருக்கிறார். அவரது பிழைகளை எண்ணுவோர் இதையும் எண்ண வேண்டும்.

இன்னொரு காரணம் கூலியில் இருக்கிறது. பணிமனைச் சீட்டில் பாகத்துக்கு ஒரு வரி உண்டு. பொருத்தும் கூலிக்கு ஒரு வரி உண்டு. கண்டறிந்ததற்கு வரியே இல்லை. ஒரு மணி நேரம் தேடிக் களிம்பேறிய முனையைக் கண்டு, துடைத்து, இறுக்கி, விளக்கை அணைத்தவருக்கு வண்டிக்காரர் என்ன தருவார்? “ஒரு கம்பியைத் தொடச்சதுக்கா இவ்வளவு?” என்ற கேள்வியைத்தான். தேவையற்ற சொலினாய்டை மாற்றியவரிடம் அக்கேள்வி எழுவதில்லை. பழைய பாகம் கையில் இருக்கிறது, புதிய பெட்டி கண்முன் இருக்கிறது. சரியாகச் சிந்தித்தவர் நட்டப்பட, சிந்திக்காதவர் பிழைக்கும் ஏற்பாடு இது. இவ்வேற்பாட்டில் கற்றுக்கொள்ளும் இளைஞர் நாளடைவில் எதைக் கற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சவாரியை நம்பி வாழும் ஓட்டுநருக்கோ இழப்பு இரட்டிப்பு: வேண்டாத பாகத்தின் விலை ஒன்று, வண்டி இரண்டாம் முறை நிற்கும் நாளின் வருமானம் மற்றொன்று.

எனவே முதல் மாற்றம் சீட்டில் தொடங்க வேண்டும். ‘பழுதறிதல்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். பாகம் மாறினாலும் மாறாவிட்டாலும் அதற்குக் கூலி உண்டு என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். மருத்துவர் மருந்து எழுதாமல் அனுப்பினாலும் ஆலோசனைக் கட்டணம் பெறுகிறார். அதை எவரும் ஏமாற்று என்பதில்லை. வண்டிக்காரரும் பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். குறியீட்டோடு இருந்த குறிப்பை எழுதி வைத்தாயிற்றா? கப்ளரில் பல்பு எரிந்ததா? கழற்றிய சொலினாய்டின் மின்தடை எவ்வளவு? விடை கிடைத்தால் பாகத்தை மாற்றுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. விடை இல்லையென்றால் விளக்கு மீண்டும் எரியும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது மாற்றம் கல்விக்கூடத்துக்கு உரியது. மாட்டுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்துக்கு இன்று நெருளில் பொறியியல் கல்லூரி உண்டு. ராம்ராவ் ஆதிக் தொழில்நுட்பக் கழகமும் நெருளிலேயே இருக்கிறது. மின்சுற்றைக் கற்பிக்கும் வகுப்பறையும், மின்சுற்றால் அலைக்கழியும் பணிமனையும் ஒரே ரயில் நிலையத்தில் இறங்கிச் செல்லும் தொலைவில் உள்ளன. இரண்டுக்கும் இடையே போக்குவரத்து இல்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு பல்பு, ஒரு பழைய கம்பித்தொகுதி, இருபது பேர் இருந்தால் போதும்; சுமையின்கீழ் மின்னழுத்தம் விழுவதைக் காட்டிவிடலாம். கற்பவர் பணிமனை இளைஞர் மட்டும் அல்லர். களிம்பு எங்கே ஏறும், எலி எந்தக் கம்பியைக் கடிக்கும் என்பதை மாணவர் அவரிடமிருந்துதான் கற்க முடியும்.

மூன்றாவது, தமிழாய்வு மாணவர்க்கு உரியது. தமிழில் அறிவியல் கலைச்சொல் ஆக்கும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் பயனும் பெரிது. ஆயினும் அது பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழ்ச்சொல்லுக்குச் செல்லும் ஒருவழிப் பாதையாக இருந்துவருகிறது. தொழிலிடத்தில் ஏற்கெனவே வழங்கும் தமிழை, அதில் கலந்த இந்தியையும் ஆங்கிலத்தையும் களையாமல், வழங்கும் சூழலோடு பதிவு செய்யும் பணி மிகக் குறைவு. ‘லோடு தாங்கல’, ‘எர்த் விட்டுப்போச்சு’ என்பன போன்ற தொடர்களில் சொல்வளத்தோடு பழுதறியும் முறையும் பொதிந்துள்ளது. அதைப் பேசும் தலைமுறைக்கு வயதாகிறது. பத்மினியோடு தொழில் கற்று இன்றைய கணினி வண்டிவரை வந்தவர்களின் பேச்சு ஒலிப்பதிவாக இல்லாவிட்டால், இந்த மாற்றத்தை அவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதற்குப் பின்னாளில் சான்று இராது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், நெருள் என்று மும்பைத் தமிழர் குடியிருப்பு பரந்த வழியிலேயே நடந்து சென்று சேகரிக்கக்கூடிய தரவு இது. முனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடும் மாணவர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் கண்ட வண்டி இரண்டாம் முறையும் பணிமனைக்கு வருவதாகக் கொள்வோம். இம்முறை இளைஞர் அழிப்பு விசையைத் தொடவில்லை. குறிப்பைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்கிறார், கப்ளரைக் கழற்றிப் பல்பை வைத்துப் பார்க்கிறார், பல்பு எரியவில்லை. வரவுக் கம்பியைக் கையால் தொட்டுத் தொட்டுப் பின்னோக்கிச் செல்கிறார். காற்று வடிகட்டிப் பெட்டிக்குக் கீழே விரல் நிற்கிறது. மேலுறையில் பல் பதிந்த தடம், உள்ளே பச்சை. “அண்ணாச்சி, சொலினாய்டு இல்ல, எலி” என்கிறார். அதற்கும் கூலி உண்டு என்று வண்டிக்காரர் ஒப்பும் நாளில் இத்தொழிலில் வாசிப்பு தொடங்கிவிடும்.